"எட்டி வை" என்று பிள்ளைகளிடம் கத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓட்டக் குறிப்புகள் வந்திருந்தன. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் குறிப்பைப் படித்ததுமே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். 'காலை எவ்வளவு தூரம் முன்னால் நீட்டி வைக்கிறீர்களோ, அவ்வளவு வேகமாக ஓடலாம்' என்று அதில் இருந்தது. அடுத்த குறிப்பு, 'குதிகால் தரையில் படவே கூடாது' என்றது. இரண்டும் பிள்ளைகளின் காலுக்குக் கேடு செய்யக்கூடியவை.

நான் 31 ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் முதல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் கத்தியதும் இதே வாசகத்தைத்தான். "எட்டி வை! இன்னும் எட்டி வை!" எனக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தவர் என்னிடம் அப்படித்தான் கத்தினார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் கத்தியிருப்பார். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? எட்டு, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள தூரம், நீளமானால் ஒரே நேரத்தில் அதிக தூரம் போகலாம் என்பது கணக்குப்படி சரி. கால் தரையில் இறங்கும் நொடியில் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

எனக்கு அது புரிந்தது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியால். 400 மீட்டர் ஓடுவாள். உயரம் குறைவு, நல்ல மூச்சு, சொன்னதை அப்படியே செய்யும் பிள்ளை. உயரம் போதவில்லை, அதை எட்டில் சரிக்கட்ட வேண்டும் என்று நானே முடிவு செய்து, ஒரு பருவம் முழுக்க அவளை எட்டி எட்டி ஓட வைத்தேன். இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்றாள். எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். இன்னொரு மாதம் ஓடினாள். படியிறங்கவே முடியவில்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் மருத்துவரிடம் அனுப்பினேன். எலும்பில் மயிரிழை விரிசல்.

அவளுக்குச் சிகிச்சை கொடுத்த பிசியோதெரபிஸ்ட், பழைய பயிற்சி வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கைப்பேசியில் இருந்தது. பக்கவாட்டில் எடுத்தது. அதை மெதுவாக ஓட்டி, அவளுடைய கால் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்திக் காட்டினார். பாதம் இடுப்புக்கு ஒன்றரை அடி முன்னால் இருந்தது. முழங்கால் கம்பு மாதிரி நேராக நீண்டிருந்தது. உடம்பு இன்னும் பின்னாலேயே இருந்தது. அந்தப் படத்தில் நான் பார்த்தது என் குரலை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சார், நீங்க சொன்னபடிதானே ஓடினேன்?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, சரியாகச் செய்தேனா என்று கேட்டாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டம் என்பது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவுவது. நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு காலும் காற்றில் இருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. காற்றில் இருக்கும்போது எவ்வளவு முயன்றாலும் வேகத்தைக் கூட்ட முடியாது, பிடித்துத் தள்ள அங்கே எதுவும் இல்லை. வேகம் முழுவதும் பாதம் தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கிடைக்கிறது. நீண்ட தூர ஓட்டக்காரருக்கு அது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம். உச்ச வேகத்தில் போகும் குறுந்தூர ஓட்டக்காரருக்குப் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பாதம் தரையை அழுத்துகிறது, தரை அதே அளவு திருப்பி அழுத்துகிறது. சாதாரண ஓட்டத்தில் அந்த விசை உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு. பெரிய குறுந்தூர வீரர்களுக்கு அது 4 மடங்கைத் தாண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு அடியிலும் முதல் பாதி பிரேக், இரண்டாவது பாதிதான் தள்ளல். பாதம் உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவதால், தரை முதலில் நம்மைப் பின்னால் தள்ளுகிறது. உடம்பு பாதத்தைக் கடந்து போன பிறகு முன்னால் தள்ளுகிறது. இது உலகச் சாம்பியனுக்கும் உண்டு, தவிர்க்க முடியாது. ஆனால் பாதத்தை இன்னும் முன்னால் கொண்டுபோய் வைத்தால் பிரேக் பெரிதாகிறது. அந்தப் பிரேக்கில் போன வேகத்தை அதே அடியின் இரண்டாவது பாதியில் மறுபடி சம்பாதிக்க வேண்டும். என் மாணவி ஒவ்வொரு அடியிலும் தன்னையே நிறுத்தி, தன்னையே கிளப்பி, 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். நேராக நீண்ட முழங்கால் மடங்கிக் கொடுக்கவும் வழியில்லை. அந்த மோதல் முழுவதும் எலும்புக்குப் போயிற்று.

அப்புறம் ஏன் வேகமாக ஓடுகிறவர்களின் எட்டு நீளமாக இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் 100 மீட்டர் ஓடியபோது சுமார் 41 அடிதான் வைத்தார். சராசரியாக ஓர் அடிக்கு 2.4 மீட்டருக்கு மேல். இதை விட நீளமான எட்டுக்குச் சாட்சி வேண்டுமா? ஆனால் அந்த நீளம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி காற்றில் இருக்கிறது. தரையை அவ்வளவு பலமாக அழுத்தியதால் உடம்பு அவ்வளவு தூரம் பறக்கிறது. இறங்கும்போது பாதம் பின்னோக்கி வீசியபடி, உடம்புக்குக் கிட்டத்தில் இறங்குகிறது. நீளமான எட்டு பலமான தள்ளலால் கிடைக்கிற பலன். அந்தப் பலனை மட்டும் பிள்ளை காலை நீட்டிப் போலியாகச் செய்து காட்டினால் கிடைப்பது பிரேக்தான்.

இதைத் தெளிவாக அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பீட்டர் வெயண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. பலவகைத் திறனுள்ள 33 பேரை டிரெட்மில்லில் அவரவர் உச்ச வேகத்தில் ஓட வைத்துத் தரை விசையை அளந்தார்கள். மெதுவானவர் விநாடிக்கு 6.2 மீட்டர், வேகமானவர் 11.1 மீட்டர். வேகமானவர்கள் காலைக் காற்றில் படபடவென்று சுழற்றுவதால் முந்துகிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. காலை முன்னால் கொண்டுவர எடுத்துக்கொண்ட நேரம் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் தரையில் இருந்தது. தங்கள் எடைக்கு ஏற்ப யார் அதிக விசையைக் குறைந்த நேரத்தில் தரைக்குக் கொடுத்தார்களோ அவர்கள் வேகமாக ஓடினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 20 ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கவனத்தைக் காற்றில் நீளும் காலுக்குத் திருப்பி விட்டிருக்கிறேன். அது தரையில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். குதிகால் படக்கூடாது, முன்பாதத்தில்தான் இறங்க வேண்டும் என்பது. குறுந்தூர ஓட்டத்தில் உச்ச வேகத்தில் முன்பாதத்தில் இறங்குவது இயல்பாகவே நடக்கிறது. ஆனால் உங்கள் குறிப்பு தூரம் எதையும் சொல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறது. 2010இல் டேனியல் லீபர்மன் குழுவினர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பேச்சு பரவியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அப்போது முதல் மோதல் மென்மையாக இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அது உண்மை. அதிலிருந்து 'குதிகாலில் இறங்குவது தப்பு' என்று ஒரு விதியை மற்றவர்கள் உண்டாக்கிக் கொண்டார்கள். நீண்ட தூர ஓட்டத்தில் முதல் தரத்தில் இருப்பவர்களிலேயே பலர் குதிகாலில்தான் இறங்குகிறார்கள். அரை மாரத்தான் பந்தயம் ஒன்றில் 15ஆவது கிலோமீட்டரில் படமெடுத்துப் பார்த்த ஆய்வில், நால்வரில் மூவர் அப்படித்தான் இறங்கினார்கள்.

குதிகாலுக்குப் பின்னே தடிமனான ஒரு தசைநாண் இருக்கிறது அல்லவா, கெண்டைச் சதையைக் குதி எலும்போடு கட்டுவது, அது ஓட்டத்தின் ஸ்பிரிங். மெக்நீல் அலெக்சாண்டர் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் 1987இல் இதைக் கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் உடம்பில் இறங்கி ஏறுகிறது. அதில் சுமார் 35 ஜூலை இந்தத் தசைநாண் இழுபட்டுச் சேமித்துத் திருப்பித் தருகிறது. பாதத்தின் அடிவளைவு இன்னொரு 17. அதாவது பாதி வேலையைத் தசை செய்யாமல் ரப்பர் மாதிரி இழுபடும் பாகங்களே செய்துவிடுகின்றன. எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் அந்தத் தசைநாண் ஓட்டத்தில் உடல் எடையைப் போல் 6 மடங்குக்கும் மேலான இழுப்பைத் தாங்குகிறது. தசைநாண் தசையை விட மெதுவாகத்தான் உரமேறும். குதிகாலில் இறங்கிப் பழகிய பிள்ளையை ஒரே வாரத்தில் முன்பாதத்துக்கு மாற்றினால், முழங்காலிலிருந்து இறங்கிய பாரம் இந்தத் தசைநாணிலும் கெண்டைச் சதையிலும் போய் ஏறும். பாரம் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதை விட, பாதம் உடம்புக்கு எவ்வளவு முன்னால் படுகிறது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. குதிகாலில் இறங்கினாலும் இடுப்புக்குக் கிட்டத்தில், முழங்கால் கொஞ்சம் மடங்கியபடி இறங்கினால் நான் அந்தப் பிள்ளையைத் தொடவே மாட்டேன்.

இதைச் சரி செய்வதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுவது. ஒருவருடைய வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி 4ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தெரியும். 160 வந்தால் 168க்குக் கொண்டுவந்து பாருங்கள். பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மாற்றாமல் அடிகளை மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டியபோது முழங்காலும் இடுப்பும் தாங்க வேண்டிய பாரம் குறைந்தது. இதில் நீட்டாதே, குதிகாலைத் தூக்கு என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. அடி விரைவானால் பாதம் தானாக உடம்புக்குக் கிட்டத்தில் இறங்கும்.

இதிலும் ஒரு தவறான விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும் என்பார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார். ஏறத்தாழ எல்லோரும் 180ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வைத்தார்கள். அவர்கள் பந்தய வேகத்தில் ஓடிய ஒலிம்பிக் வீரர்கள். உயரமான ஒரு பையன் காலையில் மெதுவாக ஓடும்போது 165 வைத்தால் அதில் குறையொன்றும் இல்லை. "எட்டி வை" என்று கத்துவதை நிறுத்திவிட்டு "180!" என்று கத்த ஆரம்பிக்க வேண்டாம்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை முன்னால் நீட்டி ஊன்றுவது எல்லா விளையாட்டிலும் தவறு இல்லை. உயரம் தாண்டுகிறவர் கடைசி அடியில் காலை உடம்புக்கு முன்னால் ஊன்றித்தான் ஆக வேண்டும். ஓடிவந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்புவது அந்தப் பிரேக்தான். ஈட்டி எறிகிறவரும், வேகப்பந்து வீசுகிறவரும் முன்காலை நேராக ஊன்றுகிறார்கள். கீழ் உடம்பு சட்டென்று நிற்க, மேல் உடம்பு அந்தக் காலின் மேல் வீசி எறியப்படுகிறது, அந்த வேகம் கைக்குப் போகிறது. அங்கே பிரேக்தான் ஆயுதம். அதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் பெரிது. வளரும் வயதில் அளவுக்கு மீறி வேகப்பந்து வீசுகிற பையன்களுக்கு முதுகின் அடிப்பகுதி எலும்பில் விரிசல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் அது வரும். அதனால் அவர்களுக்கு ஓவர் கணக்கு வைக்கிறோம். கால்பந்தில் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புகிறபோதும், குதித்து இறங்குகிறபோதும் முழங்கால் நேராக இருந்து உட்பக்கம் சாய்ந்தால் மூட்டின் நடுவிலுள்ள தசைநார் அறுந்துபோகலாம். யாரும் மோதாமலேயே அறுந்துபோகலாம். 'மடக்கி இறங்கு' என்பதைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தால் நல்லது. ஆக, எந்த விளையாட்டுக்கு எந்தக் கால் என்பது சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது.

அந்த மாணவியின் அம்மா, "இனி ஓட வேண்டாம் சார், இந்த வயசிலேயே முழங்கால் தேஞ்சு போயிடும்" என்றார். பயம் நியாயமானது. ஆனால் ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்பது பொதுவாக உண்மை இல்லை. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிகளுக்காக ஓடுகிற உயர்நிலை வீரர்களுக்கு மட்டும் அது கூடுதல்தான், 13.3 சதவீதம். எலும்பும் மூட்டும் பாரத்துக்குப் பழகி உரமேறும். அவகாசம் கொடுக்க வேண்டும். நான் அவளுக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு அவள் திரும்பி வந்தாள். முதலில் நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை. புல்தரையில் மெதுவாக ஏறும் ஒரு சரிவில் ஓடவிட்டேன். ஏற்றத்தில் காலை நீட்டி வைக்கவே முடியாது, உடம்பே சரியான இடத்தில் பாதத்தை இறக்கக் கற்றுக்கொள்ளும். கயிறு தாண்டல் தினமும் கொஞ்சம். ஒரு மாதம் கழித்து மறுபடி வீடியோ எடுத்தோம். பாதம் தொடும் நொடியில் நிறுத்தினோம். முழங்காலுக்கு நேர் கீழே கணுக்கால். அவளே திரையில் விரல் வைத்து ஒரு நேர்கோடு இழுத்துக் காட்டினாள். அடுத்த ஆண்டு ஓடினாள், வலியில்லாமல் ஓடினாள். ஆனால் ஓர் ஆண்டு போனது போனதுதான்.

கத்தாமல் இருக்க என்னால் முடியாது. மைதானத்தில் சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும். அதனால் வார்த்தையை மாற்றினேன். "தரையைத் தள்ளு!" அவ்வளவுதான். இதற்கும் ஒரு காரணம் உண்டு. உடம்பின் ஓர் உறுப்பைக் கவனிக்கச் சொல்வதை விட, உடம்புக்கு வெளியே அது செய்ய வேண்டிய வேலையைக் கவனிக்கச் சொன்னால் அசைவு எளிதாகவும் சீராகவும் வருகிறது என்று காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆய்ந்து காட்டியிருக்கிறார். 'முழங்காலைத் தூக்கு, கையை மடக்கு, காலை நீட்டு' என்று ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளை மரப்பாச்சி மாதிரி விறைத்துக்கொள்ளும். 'தரையைத் தள்ளு' என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. முழங்கால் தானே தூக்குகிறது, கை தானே வீசுகிறது.

உங்கள் பக்கத்தைப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டு ஆசிரியர்கள் அறிவிப்புப் பலகையில் குத்தி வைக்கிறார்கள். நானே பல முறை அப்படிச் செய்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். பள்ளிகளில் ஓட்டப் பந்தயங்கள் தொடங்கும் முன்பே அந்த இரண்டு குறிப்புகளையும் திருத்தி, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். முடிந்தால் கூடவே ஒரு படமும் போடுங்கள். பக்கவாட்டில் எடுத்த ஒரு ஓட்டக்காரரின் படம், பாதம் தரையைத் தொடும் நொடி, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு நேர்கோடு. ஒட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கு அந்தப் படம் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்